எங்கள் பிள்ளைகளை ‘இங்கே வா’ என்று கூப்பிடாதீர்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஏசுவதென்றாலும் முழுவதையும் வாசித்துவிட்டு ஏசுங்கள்.

போன தவணை ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் பாடசாலைக்கு ஒரு வெளிநாட்டுக் குடும்பம் வந்தது. கொழும்பில் வேலை நிமித்தம் இரண்டு மூன்று வருடங்களாகத் தங்கியிருப்பவர்கள். விடுதியாக மாற்றப்பட்ட ஒரு பழைய துரை பங்களாவில் விடுமுறைக்கு வந்திருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இரண்டு பேர், எங்கள் தரம் நான்கு பிள்ளைகளின் வயதுதான். முதல் நாள் அந்தப் பிள்ளைகளுக்குச் சேலை சுற்றி, தலையில் கூடை மாட்டி, அரை மணித்தியாலம் கொழுந்து பறிக்க வைத்தார்களாம். இரண்டாம் நாள் நிகழ்ச்சி, ‘தோட்டப் பாடசாலையைப் பார்த்தல்’. அந்த நிகழ்ச்சி நாங்கள்தான்.

கணிதப் பாடத்தை நிறுத்தினோம். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினோம். மாலை கட்டினோம். ஆட ஐந்து பிள்ளைகளைத் தயார்படுத்தினோம். பென்சில் பெட்டியும் டொபியும் வந்தன. வந்தவர்கள் நல்ல மனிதர்கள்தான், அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. அந்தத் தகப்பன் எங்கள் பிள்ளை ஒன்றைக் கை காட்டிக் கூப்பிட்டார். தன் மகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி, பென்சில் பெட்டியைக் கையில் கொடுத்து, படம் எடுத்தார். நாங்களும் கைதட்டினோம்.

பத்து நாள் கழித்து அந்தப் பிள்ளையின் தாய் குவைத்திலிருந்து எடுத்தா. வீட்டுப் பணிப்பெண்ணாகப் போனவ. அங்கே பார்த்துக்கொள்வதும் இரண்டு பிள்ளைகளைத்தான். கை மாறிக் கை மாறிப் படம் அவவின் தொலைபேசிக்கே போயிருக்கிறது. கீழே எழுதியிருந்ததை அங்கே யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்: ஒன்றுமே இல்லாத பிள்ளைகள், பார்க்கவும் ஆளில்லை, ஆனாலும் சிரிக்கிறார்கள் என்று.

“என் புள்ளயப் பாக்க ஆளில்லன்னு யாரு சேர் சொன்னா? மாசா மாசம் காசு அனுப்புறேன் தானே. என் அம்மா பாக்குறாங்க தானே. ஒரு பென்சிலுக்கு ஏன் சேர் என் புள்ளயக் கையேந்த வச்சீங்க?”

எங்களிடம் பதில் இருக்கவில்லை. இப்போது தேடிப் பார்க்கிறோம்.

இது போன தவணை தொடங்கிய வழக்கமில்லை. திம்புள்ளப் பள்ளத்தாக்கில் நூற்றைம்பது வருடமாக நடப்பது. இந்த மலைகளில் முதலில் கோப்பி. 1869 இல் இலை நோய் வந்து கோப்பி அழிந்தது. பிறகு தேயிலை. 1880களில் ரயில் பாதை ஹட்டனுக்கும் நானுஓயாவுக்கும் வந்தது. துரைமார் தனியாக வருவது குறைந்து குடும்பமாக வரத் தொடங்கினார்கள். தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, கொட்டகலை எங்கும் மலைக்கொரு பங்களா, பங்களாவுக்கொரு பூந்தோட்டம், தொரசாணி, பிள்ளைகள்.

அந்தப் பிள்ளைகள் பின்னாளில் முதியவர்களாகி எழுதிய நினைவுக் குறிப்புகள் நிறைய உண்டு. நம்மவர்களும் ஆசையாகப் பகிர்கிறார்கள். குதிரைக்குட்டிச் சவாரி, ஆற்றோரத்துச் சாப்பாடு, கிளப்பில் நத்தார் விருந்து, ரதல்ல மைதானத்தில் அப்பாவின் கிரிக்கெட், ஏப்ரலில் நுவரெலியாக் குதிரைப் பந்தயம். எல்லாவற்றிலும் தவறாமல் ஒரு ஆயா வருவா. அன்பான ஆயா. தூங்க வைத்தவ, தமிழ்ப் பேச்சைச் சொல்லிக் கொடுத்தவ. பெரும்பாலும் அவவுக்குப் பெயர் இராது. ‘எங்கள் ஆயா’, அவ்வளவுதான்.

நாங்கள் வகுப்பில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். அந்த ஆயா பங்களாவில் இருந்தபோது அவவின் பிள்ளை எங்கே இருந்தது?

கைக்குழந்தை என்றால் பிள்ளைக்காம்பராவில். அல்லது லயத்தில், எட்டு ஒன்பது வயது அக்காவின் இடுப்பில். அந்த அக்கா பள்ளிக்கூடம் போகவில்லை. பங்களாப் பிள்ளைக்கு ஒரு ஆயா கிடைக்க, லயத்தில் ஒரு சின்னப் பிள்ளை ஆயாவாக வேண்டியிருந்தது. துரை வீட்டுக் குழந்தைப் பருவத்துக்கு விலை கொடுத்தது இந்த லயத்துக் குழந்தைப் பருவம்.

மிகைப்படுத்துகிறோம் என்பவர்கள் சட்டத்தைப் பாருங்கள். 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்பு கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத் துரையிடம் ஒப்படைத்தது. எந்த வயதுப் பிள்ளைகளுக்கு? ஆறிலிருந்து பத்து வரை. பத்துக்குப் பிறகு மலைக்குப் போகலாம். 1927 இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. அதில் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம், பிள்ளைக்கு ஒரு சம்பளம். மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பிள்ளை என்பது சட்டப் புத்தகத்திலேயே ஒரு தொழிலாளர் வகுப்பு. அதே காலத்தில் பங்களாப் பிள்ளைக்கு ஏழெட்டு வயதானதும் கப்பலேற்றி இங்கிலாந்தில் விடுதிப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். தாயைப் பிரிந்து அந்தப் பிள்ளையும் அழுதிருக்கும். அந்த அழுகையை நாங்கள் சிறுமைப்படுத்தவில்லை. அது புத்தகமாக வந்தது. லயத்துப் பிள்ளையின் அழுகை செக்ரோலில் 32 சதமாகப் பதிவானது.

மூன்றாவதாக ஒரு பிள்ளையும் இருந்தது. துரைக்கும் தோட்டத்துப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளை. எந்தக் குடும்ப அல்பத்திலும் அந்தப் பிள்ளை இல்லை. நுவரெலியாவில் பேய்ன்டர் குடும்பத்தார் ஒரு இல்லம் நடத்தி, அப்படிக் கைவிடப்பட்ட பிள்ளைகளை வளர்த்தார்கள். அந்தக் குடும்பத்தில் வந்தவர்தான் ஓவியர் டேவிட் பேய்ன்டர். அவருடைய சுவரோவியங்களைக் கண்டி திரித்துவக் கல்லூரித் தேவாலயத்தில் இன்றும் பார்க்கலாம். பழைய பங்களா வாழ்க்கையின் அழகைப் பதிவாகப் போடும் நண்பர்கள் அந்த இல்லம் எதற்காகத் தேவைப்பட்டது என்பதையும் ஒரு வரி சேர்த்துப் போடலாமே.

இனிப் படம் எடுக்கிற விஷயம். உலகப் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் ஜூலியா மார்கரட் கமரன் 1875 இல் கணவரோடு இலங்கைக்கு வந்து சேர்ந்தார். கணவர் சார்ல்ஸ் ஹே கமரன், கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் அதே கமரன். ஆங்கிலக் கல்வி, நீதித்துறைச் சீர்திருத்தம் என்று நாங்கள் வரலாற்றுப் பாடத்தில் படிப்பிக்கிறோமே, அவர்தான். அவருக்கு மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879 இல் டிக்கோயாப் பக்கம் ஜூலியா காலமானார். இருவரும் பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில் அடக்கமாகியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களின் கீழே டெனிசன் என்றும் டார்வின் என்றும் பெயர் இருக்கும். இலங்கையில் எடுத்தவற்றில் ஒன்றின் தலைப்பு, களுத்துறைக் குடியானவர்கள். அந்த மூன்று முகங்களுக்கும் தனித்தனிப் பெயர் கிடைக்கவில்லை.

எங்கள் தரம் நான்கு பிள்ளையின் படத்துக்குக் கீழேயும் பெயர் இருக்கவில்லை. இத்தனை வருடத்தில் கமரா மட்டும்தான் சின்னதாகியிருக்கிறது.

இன்னொன்று. புதிதாக வந்த சின்னத் துரைமாருக்குத் தமிழ் பழக்க 19ஆம் நூற்றாண்டில் ஒரு கைந்நூல் இருந்தது. அதன் பெயரே ‘இங்கே வா’. துரை முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய தமிழ் அதுதான். ‘நீங்கள் யார்’ என்பதோ ‘உங்கள் பெயர் என்ன’ என்பதோ இல்லை. அன்று பெரட்டுக் களத்தில் கேட்ட அந்தச் சொல்லை இன்று பாடசாலை முற்றத்தில் புன்னகையோடு சொல்கிறார்கள். சொல்கிறவர் நல்லவரா கெட்டவரா என்பதல்ல எங்கள் வழக்கு. யார் யாரைக் கூப்பிடலாம் என்ற ஒழுங்கு மாறவில்லை என்பதுதான்.

சொற்களையும் கவனியுங்கள். ஐரோப்பாவிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வருகிறவர் ‘எக்ஸ்பாட்’. இங்கிருந்து குவைத்துக்கு வேலைக்குப் போகிறவ ‘பணிப்பெண்’. திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கமிருந்து கடல் கடந்து இந்த மலைக்கு வேலைக்கு வந்த அவவின் பூட்டன் ‘கூலி’. மூவரும் பிழைப்புக்காக ஊரை விட்டவர்கள்தான். ஒருவருக்கு மட்டும் குடும்பத்தோடு போகலாம், பிள்ளைக்குச் சர்வதேசப் பாடசாலை கிடைக்கும், விடுமுறைக்கு மலைநாடும் கிடைக்கும். மற்றவ பிள்ளையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். விட்டுவிட்டுப் போனால் கெட்ட தாய் என்ற பெயரும் வரும். 2013 இல் நம்முடைய அரசாங்கமே ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ என்று கொண்டுவந்து, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் பணிப்பெண்ணாகப் போக முடியாது என்றது. தாய் ஏன் போகிறாள் என்பதற்கு ஒரு அறிக்கையும் கேட்கப்படவில்லை.

ஏன் போகிறாள்? பறித்த கொழுந்து நிறைக்குக் குறைந்தால் அரைப்பேர். 2015 இலிருந்து நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் கேட்டுப் போராடினார்கள். 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்தது. அதற்குள் ஆயிரத்தின் மதிப்பு என்னவானது என்று கடைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். பாட்டி பங்களாவுக்குப் போய்ப் பிறர் பிள்ளையைப் பார்த்தா. பேத்தி குவைத்துக்குப் போய்ப் பிறர் பிள்ளையைப் பார்க்கிறா. இரண்டு காலத்திலும் லயத்தில் ஒரு பிள்ளை தாயில்லாமல் தூங்கியது. அந்தப் பிள்ளையைத்தான் வரிசையில் நிறுத்தி ‘பார்க்க ஆளில்லாதவள்’ என்று படம் எடுக்க விட்டோம்.

நாங்கள் விட்டோம். அதையும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரரை மட்டும் ஏசிவிட்டுப் போக இந்தப் பதிவை எழுதவில்லை. மாலை கட்டியது நாங்கள். கணிதப் பாடத்தை நிறுத்தியது நாங்கள். பென்சில் பெட்டிக்காக, ஒரு தண்ணீர்த் தாங்கிக்காக, எதற்கென்றே தெரியாத ஒரு பழக்கத்துக்காக. கொழும்பிலிருந்து வருகிற நம்மவர்களும் இதையேதான் செய்கிறார்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிற தமிழர்களும் செய்கிறார்கள். ரமழானில் உலர் உணவுப் பொதியைக் கொடுத்து, வாங்குகிற ஏழையின் முகத்தோடு படம் போடுகிற எங்கள் சமூகத்து ஆட்களும் விதிவிலக்கில்லை. கொடுத்துவிட்டுச் சொல்லிக்காட்டுவதை மார்க்கம் எங்கே வைத்திருக்கிறது என்று முஸ்லிம் வாசகர்களுக்கு நாங்கள் படிப்பிக்கத் தேவையில்லை. படம் போடுவதும் சொல்லிக்காட்டுவதுதான்.

“வருகிற உதவியையும் தட்டிவிடப் பார்க்கிறீர்களா” என்று சிலர் கேட்பீர்கள். இல்லை. வெளிநாட்டு உதவி எப்படி வர வேண்டும் என்பதற்கு எங்கள் கண் முன்னால் உதாரணம் இருக்கிறது. இலவசக் கல்வி 1945 இல் வந்தாலும், தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பெருமளவில் பொறுப்பேற்றது 1970களின் கடைசியில்தான். அதுவரை பல தோட்டங்களில் ஒரு மண்டபம், ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு சரி. பொறுப்பேற்ற பிறகு சுவீடனின் சீடா நிறுவனப் பணத்தில் மலையகத்தில் வகுப்பறைக் கட்டடங்கள் எழுந்தன. பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரி ஜேர்மன் உதவியோடு வந்தது. இன்று மலையகப் பாடசாலைகளில் படிப்பிக்கிற எத்தனையோ பேர் அங்கே பயின்றவர்கள். அந்த உதவி ஒரு பிள்ளையையும் வரிசையில் நிறுத்தவில்லை. கல்வித் திணைக்களத்தோடு பேசி, திட்டம் போட்டு, கட்டடமாகவும் ஆசிரியராகவும் வந்தது. அதற்கு நாங்கள் என்றும் நன்றியுடையவர்கள்.

“உல்லாசப் பயணிகள் வராவிட்டால் யாருக்கு நட்டம்” என்றும் கேட்பீர்கள். வரட்டும். பங்களாவில் தங்கட்டும், தேநீர் குடிக்கட்டும், சென் கிளயர் நீர்வீழ்ச்சியைப் பார்க்கட்டும். கொழுந்து பறித்துப் பார்க்க ஆசையென்றால் பறிக்கட்டும். ஆனால் அந்த அரை மணித்தியாலம் முடிந்ததும் பறித்ததை நிறுத்துக் காட்டி, இன்று உங்கள் நிறை இவ்வளவு, இதற்கு அரைப்பேர் கூட விழாது என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அப்போது அது படிப்பாகும். இல்லாவிட்டால் வேஷம். பாடசாலையும் பிள்ளைக்காம்பராவும் அந்தச் சுற்றுலாப் பட்டியலில் இருக்கக் கூடாது. கொழும்பில் தங்கள் பிள்ளைகள் படிக்கிற பாடசாலைக்குள் முன்பின் தெரியாத ஒருவர் கமராவோடு நுழைந்து, ஒரு பிள்ளையைத் தனியே கூப்பிட்டுப் படம் எடுத்தால் அந்தப் பெற்றார் விடுவார்களா? வாசல் காவலாளியே விடமாட்டார். அந்தக் காவலைத்தான் எங்கள் பிள்ளைகளுக்கும் கேட்கிறோம்.

எங்கள் ஆசிரியர்கள் கூடிப் பேசி, அதிபரோடும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தோடும் இணங்கி, நான்கு விஷயம் முடிவெடுத்திருக்கிறோம். மற்றப் பாடசாலைகளும் யோசியுங்கள்.

ஒன்று: பாட நேரத்தில் விருந்தாளி இல்லை. வருவதென்றால் வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியோடு, அதிபரைச் சந்திக்க வரலாம்.

இரண்டு: பெற்றாரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையின் முகமும் படமாக வெளியே போகாது. தாய் வெளிநாட்டில் என்றால் அவவிடமும் கேட்கப்படும். தூரத்தில் இருப்பதால் தாய் தாயில்லாமல் போய்விடுவதில்லை.

மூன்று: மாலை, ஆட்டம், வரிசை, டொபி எல்லாம் நிறுத்தம். உதவ விரும்புகிறவர்களுக்கு எங்கள் தேவைப் பட்டியலைக் கொடுப்போம். அதில் பென்சில் இல்லை. விஞ்ஞான ஆய்வுகூடத்துக்கான சாமான்கள், நூலகத்துக்குப் புத்தகங்கள், உயர்தரம் படிக்க நகரத்துக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பஸ் செலவு இருக்கிறது. சாமான் சங்கத்தின் பெயரில் வரும், பற்றுச்சீட்டு கொடுக்கப்படும். எந்தப் பிள்ளையும் யார் கையிலிருந்தும் வாங்காது.

நான்கு: இதுதான் எங்களுக்கு முக்கியம். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகு கடைசி வெள்ளைக்காரத் துரைமாரும் போய்விட்டார்கள். அவர்களுடைய பங்களாக்களில் ஆயாவாக இருந்த பெண்கள் இன்று எழுபது, எண்பது வயதில் லயங்களில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் செல்லப் பெயர் கூட அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது. அவர்களிடம் யாரும் இதுவரை வந்து கேட்கவில்லை. எங்கள் தரம் ஒன்பது மாணவர்கள் இந்தத் தவணை வரலாற்றுச் செயற்திட்டமாக அவர்களிடம் போய்க் கேட்டு எழுதப் போகிறார்கள். முதல் கேள்வி, ‘உங்கள் பெயர் என்ன?’ இரண்டாவது, ‘நீங்கள் பங்களாவில் இருந்த நேரம் உங்கள் பிள்ளையை யார் பார்த்தார்கள்?’

இந்த மண்ணிலிருந்து எழுதியவர் இல்லாமலில்லை. மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்கே போனார். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம், பிறகு வாக்குரிமைப் பறிப்பு. அவருக்கு வாக்களித்த மக்கள் அடுத்த தேர்தலில் பட்டியலிலேயே இல்லை. ஆனாலும் அவர் எழுதினார். லயத்து மனிதர்களைப் பெயரோடும் முகத்தோடும் எழுதினார். அந்த வேலையை எங்கள் பிள்ளைகள் தொடரட்டும். எங்கள் பிள்ளைகளைப் பற்றி எங்கள் பிள்ளைகளே எழுதட்டும். படம் எடுப்பதென்றாலும் அவர்களே எடுக்கட்டும்.

குவைத்தில் இருக்கிற அந்தத் தாய்க்கு இந்த நான்கு முடிவுகளையும் குரல் பதிவாக அனுப்பினோம். மன்னிப்பும் கேட்டோம். இரண்டு நாள் பதில் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது. “சரி சேர். மக கணக்குல எப்படி?” என்று மட்டும் கேட்டிருந்தா. அன்று நிறுத்திய பாடத்தைத் திருப்பிப் படிப்பித்துவிட்டுத்தான் பதில் எழுதினோம்.

திம்புள்ள, டிக்கோயா, மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கத்து உறவுகளே, உங்கள் வீட்டில் பங்களாவில் ஆயாவாக இருந்த பாட்டி, அப்பத்தா, அம்மாயி இருந்தால் அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் கீழே பெயரை எழுதுங்கள். படம் வேண்டாம். பெயர் மட்டும் போதும்.